யாருக்கு முதலில்?

(மருத்துவ, செவிலிய மாணவர்களின் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், அரசு மருத்துவமனை அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உங்கள் தொழில் பின்னணியைப் பற்றிப் பேசுங்கள்' என்று கேட்டிருந்தீர்கள். மருத்துவர்களுக்கு மிகவும் பிடித்த தலைப்பு இது. என்ன பட்டம், எங்கே பயிற்சி, எத்தனை ஆண்டு அனுபவம் என்று சொல்லிக்கொண்டே போவோம். என்னுடையதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1992இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தேன். 2000இல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராக அரசுப் பணி. பிறகு, பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கான ஒதுக்கீட்டில் பொது மருத்துவத்தில் பட்ட மேற்படிப்பு. அதன் பின் இன்றுவரை அவசர சிகிச்சைப் பிரிவு.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது என் பின்னணியும் இல்லை. பின்னணி என்றால் பின்னால் நிற்பது. எனக்குப் பின்னால் யார் யார் நின்றார்கள், அவர்கள் என்னிடம் என்ன ஒப்படைத்தார்கள் என்று சொல்லாமல் என் தொழிலைப் பற்றிப் பேச முடியாது.

என் அப்பா நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். அம்மாவுக்கு நடவும் களையெடுப்பும். எங்கள் காலனியில் முதல் மருத்துவர் நான். இதைச் சொன்னவுடன் 'எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்திருப்பீர்கள்' என்பார்கள். கஷ்டப்பட்டேன்தான். ஆனால் என் அப்பா என்னைவிடக் கஷ்டப்பட்டவர். அவருக்கு ஏன் பட்டம் கிடைக்கவில்லை? கஷ்டம் மட்டும் யாரையும் மருத்துவக் கல்லூரிக்குள் கொண்டுபோய் விடாது. கதவு திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவை எனக்கு முன்பே யாரோ போராடித் திறந்து வைத்திருந்தார்கள்.

நீதிக்கட்சி ஆட்சியில் முதல் வகுப்புவாரி உரிமை ஆணை வந்தது 1921இல். 1928இல்தான் முத்தையா முதலியார் முயற்சியில் அது நடைமுறைக்கு வந்தது. 1951இல் அந்த ஏற்பாட்டையே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. செண்பகம் துரைராஜன் வழக்கு என்று படித்திருப்பீர்கள். அந்த வழக்கு எதைப் பற்றியது? மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றியது. வழக்குப் போட்டவர் அந்த இடத்துக்கு உண்மையில் விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தமிழ்நாடு கொந்தளித்தது. பெரியார் தெருவுக்கு வந்தார். அதே 1951இல் அரசியல் சட்டம் முதல்முறையாகத் திருத்தப்பட்டபோது, 15(4) என்ற உட்பிரிவு சேர்ந்தது. நான் கழுத்தில் போட்டிருக்கும் ஸ்டெதஸ்கோப்புக்கும் அந்த உட்பிரிவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. என் இடம் 18 விழுக்காட்டில் ஓர் இடம். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

கல்லூரியில் முதல் வாரம் எல்லோரும் கேட்ட கேள்வி, 'உன் கட் ஆஃப் எவ்வளவு?' அது மதிப்பெண்ணைப் பற்றிய கேள்வி இல்லை என்று இரண்டாவது நாளே புரிந்துவிடும். சாதியை நேராகக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் மதிப்பெண் வழியாகக் கேட்கிறார்கள். உங்களில் பலருக்கு இன்றும் இதே கேள்வி வருகிறது. கட் ஆஃப் போய் நீட் ரேங்க் வந்திருக்கிறது, அவ்வளவுதான். 1200க்கு 1176 வாங்கிய அனிதாவையே 'தகுதி இல்லை' என்று சொன்ன நாடு இது. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஆராய்ந்த தோரட் குழு 2007லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. 2019 மே மாதம் மும்பையில் பாயல் தட்வி என்ற பழங்குடிப் பெண் மருத்துவரை இழந்தோம். மூத்த மாணவிகள் சாதியைச் சொல்லிக் கொடுமைப்படுத்தினார்கள் என்பது அவருடைய அம்மாவின் புகார். பட்டம் வாங்கிவிட்டால் சாதி விட்டுவிடும் என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

சரி, தகுதி என்றால் என்ன? நான் அதைக் கற்றுக்கொண்ட இடம் கேசுவாலிட்டி.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் அவசர சிகிச்சை ஒரு தனித் துறையே இல்லை. இந்திய மருத்துவக் கழகம் அதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது 2009இல்தான். அதுவரை கேசுவாலிட்டி என்பது யாருக்கும் பிடிக்காத வாசல். புதிதாக வந்தவர்களை அங்கே போடுவார்கள். பெரிய மருத்துவர்கள் வார்டில் இருப்பார்கள். உயிர் போகும் நிலையில் ஒருவர் வரும்போது, மருத்துவமனையிலேயே அனுபவம் குறைந்தவர் அவர் முன்னால் நின்றுகொண்டிருப்பார்.

அப்போது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் பேராசிரியர்கள் மட்டும் இல்லை. இரவுப் பணியில் இருந்த ஒரு சிஸ்டர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "கத்துறவங்களை அப்புறம் பார்க்கலாம் டாக்டர். சத்தமில்லாம கிடக்கிறவங்களை முதல்ல பாருங்க." அவசர சிகிச்சையின் முதல் பாடம் இதுதான். கத்துகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. சத்தமில்லாமல் மூலையில் கிடக்கிறவருக்குத்தான் நாக்கு உள்ளே சரிந்து மூச்சு அடைத்துக்கொண்டிருக்கும், அல்லது வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். உடைந்த எலும்புக்கு எப்படி அணை கட்டுவது என்று காட்டியவர் பத்தாவதுகூட முடிக்காத டிரஸ்ஸர் ஒருவர். கழுத்து எலும்பு முறிந்தவரை ஸ்ட்ரெச்சரில் இருந்து அசையாமல் மாற்ற நான்கு பேர் எப்படி ஒரே கணத்தில் தூக்க வேண்டும் என்று சொல்லித் தந்தவர் மருத்துவமனைப் பணியாளர் ஒருவர்.

இதயம் நின்றுபோன ஒருவரைச் சுற்றி நிற்கும் ஐந்து பேரில் யாருடைய ரேங்க் எவ்வளவு என்று அந்த இதயத்துக்குத் தெரியாது. ஒருவர் மார்பை அழுத்த வேண்டும், ஒருவர் மூச்சுக் கொடுக்க வேண்டும், ஒருவர் மருந்தை எடுக்க வேண்டும், ஒருவர் நேரம் பார்க்க வேண்டும், ஒருவர் எல்லாவற்றையும் கவனித்துச் சொல்ல வேண்டும். அழுத்துகிறவர் சோர்ந்தால் இரண்டு நிமிடத்தில் அடுத்தவர் மாற வேண்டும். இதில் எது தகுதி? தேர்வு நாளில் ஒருவர் எடுத்த மதிப்பெண்ணை மட்டும் தகுதி என்று சுருக்கிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2022 ஜனவரியில், மருத்துவ மேற்படிப்பு இட ஒதுக்கீட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களுக்கு அது முன்பே தெரியும்.

அடுத்து 'ட்ரியாஜ்' என்ற சொல்லுக்கு வருகிறேன். வருகிறவர்களை ஆபத்தின் அளவைப் பார்த்துப் பிரிப்பது. உடனே பார்க்காவிட்டால் உயிர் போகும் என்றால் சிவப்பு. கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள். காத்திருக்கலாம் என்றால் பச்சை. இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த மூன்று நிறங்களைத் தரையிலும் சுவரிலும் பார்க்கலாம். இந்த முறைக்கு வித்திட்டவர் நெப்போலியன் படையில் இருந்த அறுவை மருத்துவர் லாரே. காயத்தைப் பார்த்துத்தான் சிகிச்சை, பதவியைப் பார்த்து இல்லை என்பது அவர் வைத்த விதி. தளபதியின் சிராய்ப்புக்கு முன்னால் சிப்பாயின் கிழிந்த தொடையைப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை.

நம் ஊரிலும் அது சின்ன விஷயம் இல்லை. இங்கே எல்லாவற்றுக்கும் யாருக்கு முதலில் என்று பிறப்பிலேயே தீர்த்து வைத்திருக்கிறார்கள். தண்ணீர் யாருக்கு முதலில், தேர் எந்தத் தெருவுக்கு முதலில், பரிவட்டம் யாருக்கு முதலில். அப்படிப்பட்ட ஊரில் இருந்து வருகிறவர்களிடம், 'இங்கே வரிசை வேறு' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டை விரலில் அடிபட்டு வந்த ஊர்ப் பெரியவர் காத்திருக்க வேண்டும். மூச்சுத் திணறும் கூலிக்காரர் உள்ளே போக வேண்டும். 'நான் யார் தெரியுமா?' என்று கேட்பார்கள். தொலைபேசி வரும். எனக்கு அந்த மூன்று நிறங்கள்தான் துணை.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இட ஒதுக்கீட்டையும் ட்ரியாஜையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இட ஒதுக்கீடு முதலுதவி இல்லை. அது பிரதிநிதித்துவம், அதிகாரத்தில் பங்கு. ஆனால் ட்ரியாஜ் ஒன்றைக் கற்றுத் தருகிறது. எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதற்குப் பெயர் சமத்துவம் இல்லை. ரத்தம் கொட்டுகிறவரையும் காய்ச்சல்காரரையும் ஒரே டோக்கனில் உட்கார வைத்துவிட்டு 'நாங்கள் பாகுபாடு பார்ப்பதில்லை' என்று சொன்னால் அது கொலை. இதை எந்த மருத்துவரும் ஒத்துக்கொள்வார். அதே மருத்துவர் மருத்துவமனைக்கு வெளியே வந்ததும் 'எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒரே மதிப்பெண், அதுதான் நியாயம்' என்பார். இந்த முரண்பாட்டை அவர்களிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை.

அவசர சிகிச்சை பெறுவது உரிமை என்பதும் சும்மா வந்துவிடவில்லை. 1992இல் மேற்கு வங்கத்தில் ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளி ரயிலில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஒவ்வொரு அரசு மருத்துவமனையாக ஏறி இறங்கினார். இடம் இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தனியார் மருத்துவமனைக்குப் போனார். அவருடைய விவசாயத் தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தராதது வாழும் உரிமையை மீறுவது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. இன்று கார் விபத்தில் சிக்கும் எந்தப் பணக்காரரும் அந்தத் தீர்ப்பின் பாதுகாப்பில்தான் இருக்கிறார். அதை வாங்கிக் கொடுத்தவர்கள் கூலித் தொழிலாளர்கள்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன் எங்கள் காலனியில் யாருக்காவது வலி வந்தால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர வேண்டும். ராத்திரியில் காலனிக்குள் எந்த வண்டியும் வராது. இப்போது ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் ஒரே எண், ஒரே வண்டி, ஒரே ஸ்ட்ரெச்சர். வண்டி வருவதில் தாமதம் உண்டு, பாதை இல்லாத காலனிகள் உண்டு. ஆனாலும் இரண்டு தெருவுக்கும் பொதுவாக ஒன்று வந்தது என்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

வருகிறவர்கள் யார் என்று பார்ப்போம். ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பத்து நாள் உட்கார்ந்தால் அந்த மாவட்டத்தின் சாதி அமைப்பைப் படித்துவிடலாம்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்களைக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் தனியாக வர மாட்டார்கள், இருவர், மூவர். காரணம் அந்த வாயு. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளேயே தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாது. 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று நினைக்கும் அந்த நேரம்தான் மிக ஆபத்தான நேரம். அடர்த்தி மிகுந்தால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அவரைத் தூக்க மாமன் இறங்குவார். மூவரும் வருவார்கள். எங்களிடம் இருப்பது ஆக்சிஜனும் வென்டிலேட்டரும்தான். நம்பிக் கொடுக்கும்படியான மாற்று மருந்து கிடையாது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதையே 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியிருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் வருகிறவரின் சாதி மாறவில்லை. என் அப்பா செய்த வேலை இது. அந்தத் தொட்டிகளின் நாற்றத்தை எந்த மருத்துவப் புத்தகத்துக்கும் முன்பே நான் அறிவேன்.

பாம்பு கடித்தவர்கள் வருவார்கள். இருட்டில் வெறுங்காலோடு வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர்கள், தரையில் படுத்துத் தூங்கியவர்கள். சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். உறையாவிட்டால் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ என்று சந்தேகிப்போம். இமை தொங்கினால் நாகம் அல்லது கட்டு விரியன். விஷமுறிவு மருந்து 8 முதல் 10 குப்பி வரை ஏற்றத் தொடங்குவோம். அந்தக் குப்பிக்குள் இருப்பது யாருடைய உழைப்பு தெரியுமா? மருந்து தயாரிக்க வேண்டிய விஷத்தைப் பெருமளவு எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். 1978இல் தொடங்கிய சங்கம் அது. 2023இல் இருளர் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாட்டின் பல மூலைகளில் பாம்பு கடித்துப் பிழைத்தவர்களின் ரத்தத்தில் இருளர் கைவேலை ஓடியிருக்கிறது. அதே இருளர் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள்.

கை ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்ற இந்த ஏற்பாடு நம் நாட்டில் மட்டும் இல்லை. நீங்கள் பாடத்தில் படிக்கும் 'பாராமெடிக்' என்ற வேலை எப்படி உருவானது? அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம். 1960களில் அங்கே அடிபட்டவர்களைப் போலீஸ் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பர் பகுதியில் கூப்பிட்டாலும் வண்டி நேரத்துக்கு வராது. 1967இல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவை அங்கே தொடங்கியது. பீட்டர் சஃபார் என்ற மயக்கவியல் மருத்துவர், 'வேலைக்கு லாயக்கில்லாதவர்கள்' என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களுக்குத் தீவிரமாகப் பயிற்சி கொடுத்தார். மூச்சுக்குழாய் பொருத்துவது, இதயத்தை மீட்பது, மருந்து ஏற்றுவது எல்லாவற்றையும் தெருவிலேயே செய்தார்கள். அவர்களோடு வேலை செய்த நான்சி கரோலின் என்ற மருத்துவர் எழுதிய பாடத்திட்டம்தான் பிறகு நாடு முழுவதற்கும் அடிப்படையானது. ஆனால் 1975இல் நகர நிர்வாகம் சொந்தச் சேவையைத் தொடங்கி ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. புதிய சேவைக்குப் போன கறுப்பர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். தேர்வுகள் வைத்துப் பலரை வெளியேற்றினார்கள். தொழிலையே உருவாக்கியவர்களிடம் 'தகுதி' கேட்டார்கள். இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்கு அது வெளிநாட்டுக் கதையாகத் தோன்றவில்லை.

இனி, இன்று உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

ஒரு கோயில் திருவிழா இரவு. காலனிப் பையன்கள் ஊர்த்தெரு வழியாக பைக்கில் போனார்கள் என்று தகராறு. இரண்டு தரப்பிலும் அடிபட்டவர்கள் ஒரே நேரத்தில் வந்தார்கள். எங்கள் ஆட்களில் 19 வயதுப் பையன், முன்கை எலும்பு இரண்டும் உடைந்து, தலையில் வெட்டு. நினைவு தெளிவாக இருந்தது, வலியில் கத்திக்கொண்டிருந்தான். அடிக்க வந்த தரப்பில் ஒருவர், கைகலப்பில் மார்பில் கத்திக் குத்து. கத்தவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, ஒரு பக்க நெஞ்சில் மூச்சுச் சத்தமே இல்லை, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து இதயத்தை நெருக்குகிறது. சிவப்பு. அவரிடம்தான் முதலில் போனேன். நெஞ்சில் குழாய் போட்டேன். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது.

பையனின் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் சனம் என்று என்னை அவருக்குத் தெரியும். "என் புள்ளய வெட்டுனவனையா தாயி முதல்ல பாக்குற?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் நியாயத்தை நான் இன்றும் மறுக்க மாட்டேன். ஆனாலும் திரும்ப அதே இரவு வந்தால் அதே வரிசையில்தான் செய்வேன். யார் உயிர் முதலில் என்பதைப் பிறப்பை வைத்துத் தீர்ப்பது அவர்களுடைய சட்டம். அதை எதிர்க்கத்தான் நாம் வந்திருக்கிறோம். அதை ஆள் மாற்றி நடத்துவதற்கு இல்லை.

ஆனால் நியாயம் அங்கே முடியவில்லை. அடுத்த பாதி பேனாவில் இருக்கிறது.

அடிதடி, விபத்து, விஷம் என்று யார் வந்தாலும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஏ.ஆர். என்போம். அழைத்து வந்தவர் யார், எத்தனை மணி, என்ன நடந்ததாகச் சொல்கிறார், காயங்கள் எங்கே, எவ்வளவு நீளம், ஆழம். 'மாலை சுமார் 7 மணிக்கு, இன்ன இடத்தில், தெரிந்த 5 நபர்களால் அரிவாளாலும் மரக்கட்டையாலும் தாக்கப்பட்டதாகச் சொல்கிறார்' என்ற அந்த ஒரு வரிதான் பெரும்பாலும் ஒரு வன்கொடுமை வழக்கின் முதல் ஆவணம். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பிறகுதான் வரும், சில சமயம் நாட்கள் கழித்து. நீதிமன்றத்தில் முதலில் எடுப்பது ஏ.ஆர். பக்கத்தை. 'மருத்துவரிடம் 3 பேர் என்றவர் போலீசில் 5 பேர் என்கிறார், எனவே பொய்' என்று குறுக்கு விசாரணை செய்வார்கள். அவசரத்தில் ஓர் எண்ணைக் கேட்காமல் விட்டால் ஒரு வழக்கே சரியும்.

அதனால்தான் அந்த வரியை மாற்றச் சொல்லி ஆள் வரும். அன்று இரவும் வந்தார்கள். "பைக்ல இருந்து விழுந்துட்டான்னு எழுதுங்க டாக்டரம்மா, ரெண்டு பக்கமும் பேசி முடிச்சுக்கிறோம்" என்றார்கள். கழிவுநீர்த் தொட்டிச் சாவு என்றால் ஒப்பந்தக்காரர் வந்து "தவறி விழுந்துட்டாருன்னு போடுங்க" என்பார். 'தவறி விழுந்தார்' என்று எழுதினால் அது விபத்து. 'சுத்தம் செய்ய இறங்கியபோது' என்று எழுதினால் அது குற்றம், குடும்பத்துக்கு இழப்பீட்டு உரிமை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரு பேனா.

நான் அந்தப் பையன் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். மார்பில் குத்துப்பட்டவர் சொன்னதையும் சொன்னபடி எழுதினேன். மருத்துவர் நீதிபதி இல்லை. எவர் சொன்னாலும் கேட்டதை எழுதுவது, கண்டதை அளந்து எழுதுவது, அவ்வளவுதான் எங்கள் வேலை. சில ஆண்டுகள் கழித்து சாட்சிக் கூண்டில் ஏறினேன். என் சாதியைச் சுட்டி, 'உங்கள் ஆட்களுக்குச் சாதகமாக எழுதினீர்கள்' என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சொன்னார். அன்றைய பதிவேட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவருடைய கட்சிக்காரருக்கு நான் குழாய் போட்ட நேரம் அதில் இருந்தது, பையனுக்குக் கட்டுப் போட்ட நேரத்துக்கு முன்னால். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

சரியான வரிசையும் சரியான எழுத்தும் ஒன்றையொன்று தாங்கும் என்று அன்று புரிந்தது. சிகிச்சையில் சாதி பார்க்காதவர் எழுதியதைத்தான், சாதிக்கு எதிரான வழக்கில் யாராலும் அசைக்க முடியாது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் பெருமையாகப் பேசும் இதே மருத்துவமனைக்குள் ரத்தத்தையும் வாந்தியையும் துடைப்பவர்கள் யார்? ஒப்பந்தத் தொழிலாளர்கள். பெரும்பாலும் எங்கள் சனம். யாரோ அலட்சியமாகக் குப்பையில் போட்ட ஊசி அவர்கள் கையில் குத்தும். மருத்துவருக்கு ஊசி குத்தினால் உடனே ரத்தப் பரிசோதனை, தடுப்பு மருந்து. அவர்களுக்குக் குத்தினால் சொல்லவே பயப்படுவார்கள், வேலை போய்விடும் என்று. ட்ரியாஜ் நிறங்களைச் சுவரில் பூசினால் மட்டும் போதாது. அந்தச் சுவரைக் கழுவுகிறவருக்கும் அது பொருந்த வேண்டும்.

கடைசியாக, உங்களிடம் மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, மருத்துவராக, செவிலியராகப் போகிறவர்கள் ஏ.ஆர். எழுதுவதை எழுத்தர் வேலை என்று நினைக்காதீர்கள். மணி, இடம், ஆட்களின் எண்ணிக்கை, ஆயுதம், காயத்தின் அளவு. ஒவ்வொன்றையும் கேட்டு, அளந்து எழுதுங்கள். அடித்தல் திருத்தல் வேண்டாம்.

இரண்டு, மற்ற தோழர்கள். தாக்குதல் நடந்தால் அடிபட்டவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். நடந்ததை அவரே மருத்துவரிடம் சொல்லட்டும். சொன்னது எழுதப்பட்டதா என்று கேளுங்கள். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் போனதா என்று கேளுங்கள். தொட்டிக்குள் ஒருவர் விழுந்துவிட்டால், சுவாசக் கருவி இல்லாமல் யாரையும் பின்னால் இறங்க விடாதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

மூன்று, 'கோட்டா டாக்டர்' என்று யாராவது சொன்னால் குனியாதீர்கள், கோபப்படவும் வேண்டாம். 'ஆமாம், போராடி வாங்கிய இடம்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். அந்த இடத்துக்காகத் தெருவில் நின்றவர்கள் நம்மிடம் நன்றியைக் கேட்கவில்லை. கத்த முடியாமல் கிடக்கிறவரை முதலில் பார்க்கச் சொல்லித்தான் நம்மை உள்ளே அனுப்பியிருக்கிறார்கள்.

ஜெய் பீம்.